தோமையார் மண்

அருள்நாதன் சாருக்கு ஒரே மகள் பிரான்சி. மூளைக்காய்ச்சல் வந்து, திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் ஏழு நாளாகக் கண் திறக்காமல் கிடந்தாள். "இன்னைக்கும் காய்ச்சல் இறங்கலைன்னா எங்களால ஒண்ணும் சொல்ல முடியாது சார்" என்று காலையில் டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் மனைவி ரோசரி அழவில்லை. அழுகையெல்லாம் முதல் மூன்று நாளிலேயே தீர்ந்திருந்தது. "ஏங்க, வீட்டுக்குப் போயி அந்தச் சிமிழை எடுத்துட்டு வாங்க. தோமையார் மண்ணு. நாலு மணிக்குப் பார்க்க விடுவாங்க, அதுக்குள்ள வந்துருங்க" என்று கணவரைத் துரத்தினாள்.

அவர் வாசலுக்கு ஓடி ஆட்டோ பிடித்தார்.

மயிலாப்பூரில், இயேசுவின் சீடரான அப்போஸ்தலர் தோமையாரின் கல்லறையிலிருந்து எடுத்த செம்மண் அது. ரோசரியின் கல்யாணச் சீரோடு வந்தது. அந்த மண் பட்டால் காய்ச்சல் இறங்கும் என்று காலங்காலமாக நம்பிக்கை. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் வந்த வெனிஸ் வியாபாரிகூட எழுதி வைத்திருக்கிறான். நம்ம சாரோ காலேஜில் வரலாறு நடத்துகிறவர், சும்மா இருப்பாரா? அப்போஸ்தலர் இங்கே வந்ததற்கு ஏடு எங்கே, கல்வெட்டு எங்கே என்று கேட்டே இருபது வருஷம் ஓட்டியவர். போன வருஷம் ஒரு கட்டுரைக்காகச் சிமிழிலும் கைவைத்தார். ரோசரிக்குத் தெரியாமல் மொத்த மண்ணையும் பொட்டலம் கட்டி, கெமிஸ்ட்ரி நல்லதம்பியிடம் சோதிக்கக் கொடுத்தார். சாதாரண மண்தான் என்று முடிவு வந்தது. அந்தப் பெருமையில், வெறும் சிமிழை மாதா படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர் இவர்.

ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறும்போது நல்லதம்பிக்குப் போன் போட்டார்.

"அந்த மண்ணா? அப்பவே கொட்டிட்டேனே சார். ஏன், கட்டுரையில ஏதாச்சும் சந்தேகமா?"

போனை வைத்தார். மணி இரண்டரை. மயிலாப்பூர் போய்த் திரும்ப ஒரு நாள் ஆகும். மகளுக்கு ஒரு நாள் இருக்கிறதா என்று யாரும் சொல்லவில்லை.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில்தான் வீடு. சிமிழைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேரே ஆற்றங்கரைக்கு ஓடினார். படித்துறையில் யாரோ மொட்டைத் தலையோடு உட்கார்ந்து தகப்பனுக்குக் கருமாதி செய்துகொண்டிருந்தார்கள். மணலில் வைத்த கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். இந்த இடத்து மண்ணையா என் பிள்ளைக்குப் பூசுவது? தள்ளிப் போய் ஒரு பிடி அள்ளிய பிறகுதான் உறைத்தது, ரோசரியின் மண் சிவப்பு. மணலைக் கொட்டிவிட்டு, கரையில் கிடந்த உடைந்த செங்கல்லை எடுத்துக் கல்லில் உரசினார். தூள் போதவில்லை. விரல் தோல் வழன்று எரியும் வரை உரசினார். ஏடும் கல்வெட்டும் கேட்ட மனிதர், குத்தவைத்து உட்கார்ந்து கல்லறை மண் தயாரித்துக்கொண்டிருந்தார். அவமானத்தில் கண் கலங்கியது, ஆனாலும் கை நிற்கவில்லை.

நாலு மணிக்கு ரோசரி சிமிழை வாங்கித் திறந்து பார்த்து, சிலுவை போட்டு, முத்தமிட்டாள்.

"ரோசரி, இது வந்து..."

"இப்ப எதுவும் பேசாதீங்க. ஒரு ஆளைத்தான் விடுவாங்களாம். நீங்களே போயி பூசுங்க. அப்பா கை பட்டா அவ கண்ணைத் தொறப்பா."

அவர் சிமிழை வாங்கிக்கொண்டு நடந்தார்.

உள்ளே பிரான்சியின் நெற்றி அடுப்புக்கல்லாய்ச் சுட்டது. பூசினேன் என்று பேர் பண்ணிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனார். ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் வைத்ததும் முழங்கால் தானாக மடிந்தது.

"தோமையாரே, இது உங்க மண்ணு இல்ல. உங்க மண்ணை நான்தான் தொலைச்சேன். நீங்க வந்தீங்களா வரலையான்னு எனக்குத் தெரியாது. இப்ப வாங்க. எம்பொண்ணு ஒரு பாவமும் அறியாதவ. என்னைய என்ன வேணா பண்ணிக்குங்க, அவளை விட்டுருங்க" என்று முணுமுணுத்தார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நெற்றி, கண்ணிமை, நெஞ்சு, உள்ளங்கை என்று தடவிக்கொண்டே போனார்.

நர்ஸ் கலைமதி பின்னால் வந்து நின்றாள். தடுக்கப்போகிறாள் என்று பயந்தார்.

"தோமையார் மண்ணா சார்? வெளிய அக்கா சொன்னாங்க" என்றாள். "எங்க அண்ணன் பையனும் அஞ்சு நாளா காய்ச்சல்ல கெடக்கான், சமயபுரத்துல. ஒரே ஒரு சிட்டிகை தர்றீங்களா சார்?"

அருள்நாதன் சிமிழை நெஞ்சோடு சேர்த்துப் பொத்திக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இது எம்பொண்ணுக்கே பத்தாது" என்றார்.

அவள் அந்தப் பக்கம் நகர்ந்ததும், மிச்சம் இருந்ததை ஒரு துகள்கூடச் சிந்தாமல் மகளின் பாதங்களில் தேய்த்தார்.