வலது தோளில் ஒரு தடம்

பதினாறு திருகுகளில் பதினைந்தைக் கழற்றியாயிற்று. கடைசித் திருகு மட்டும் ஸ்க்ரூடிரைவருக்குப் பிடிகொடுக்காமல் வழுக்கியது. ராமன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் இறக்கித் திருகினார்.

"மாமா, வுட்டுடுங்க. பொட்டியத் தொறக்க வேணாம்னு ஏர்போர்ட்லயே சொல்லித்தான் அனுப்பினாங்க," என்றான் மருமகன் வேணு. கலெக்டர் ஆபீசில் கிளார்க். மேலே இருப்பவர்கள் சொன்னால் சொன்னபடி நடக்கிற ஆள்.

"எட்டு நாளா மருந்துல ஊறிக்கினு வந்திருக்கான். ஒரு சொம்பு தண்ணி ஊத்தாம அனுப்பறதுக்கு அவன் இன்னா அநாதையா?"

திருகு கழன்று தரையில் உருண்டது.

ராமனின் மகன் வளவனுக்கு இருபத்தெட்டு வயது. வெளிநாட்டில் சின்ன விமானத்தில் சுற்றுலாக்காரர்களை ஏற்றி ஊர் காட்டுகிற வேலை. அந்த நகரத்தின் நடுவே ஓர் ஆறு. இரண்டு கரையிலும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கவேண்டிய கட்டிடங்கள். அந்தச் சந்துக்குள்தான் விமானம் போய்த் திரும்பும். எட்டு நாளைக்கு முன் அப்படித் திரும்பும்போது இறக்கை ஒரு கட்டிடத்தில் இடித்தது. விமானம் ஆற்றில் விழுந்தது. வளவனும், பின்சீட்டிலிருந்த புதுமணத் தம்பதியும் போய்ச் சேர்ந்தார்கள். பிழைத்தவன் ஒருவன்தான். மாறன்.

மாறன்தான் பெட்டியோடு வந்திருந்தான். சேத்துப்பட்டுக்காரன். விமானப் பள்ளியில் வளவனோடு ஒரே அறை. லீவு விட்டால் தன் வீட்டுக்குப் போகுமுன் வேங்கிக்காலில் இந்த வீட்டில் இறங்கி, வளவனின் அம்மா கன்னியம்மாள் கையால் ஒருவேளை தின்றுவிட்டுத்தான் போவான். போனில் அழுதுகொண்டே சொன்னதை இப்போது ஷாமியானாவின் கீழே, கூடியிருந்த ஆண்களிடம் தலையைக் குனிந்தபடி மறுபடியும் சொன்னான்.

"வளவன்தான் ஓட்டினான்பா. நான் பக்கத்துல சும்மா உக்காந்துக்கினு போனேன். மேல பெரிய ஏர்போர்ட்டோட வானம், அதுல நாம ஏறக்கூடாது. கீழ ஆத்துமேல மட்டும் ஒரு வழி வுட்டிருக்காங்க. அங்க தரையிலேருந்து யாரும் வழி சொல்ல மாட்டாங்க. 'இந்தப் பாலத்துக்கிட்ட வர்றேன்'னு நாமளே ரேடியோல சொல்லிக்கினு ஓரமாப் போவணும். ஒரு எடத்தோட வழி முடிஞ்சிரும். அங்கியே திரும்பியாவணும்."

"முட்டுச்சந்து," என்றார் ராமன்.

"ஆமாம்பா. ஒரு கரையோரமா ஒட்டிக்கினு போய்த் திரும்புனா ஆத்தோட அகலம் முழுசும் கெடைக்கும். அவன் நடு ஆத்துலேருந்து திரும்பிட்டான். பாதி எடம்தான் இருந்துச்சி. காத்து வேற தள்ளிச்சி. கத்தினேன்பா... அவன் கேக்கல."

"பஸ்ஸு ஓட்டினவன் புள்ள, ஆகாசத்துல ஓட்டப் போனான்," என்று ராமனின் பெரியப்பா மகன் சடையன் பெருமூச்சு விட்டார். "போனதுதான் போனான், வாழ வேண்டிய ரெண்ட கூட சேத்துக்கினு போயிட்டானே."

ராமன் முப்பத்தோரு வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். ஒரு கோழியை அடித்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு சொந்தக் காரில் ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டிருந்தார். குறுகின முனையில் பெரிய வண்டியை நடுரோட்டிலிருந்து திருப்புகிறவன் டிரைவரே இல்லை என்பது அவர் கட்சி. இதை வளவனுக்கு அவர் சொல்லித் தரவில்லை. அவன்தான் ஒருநாள் வீடியோ காலில் சொன்னான்: "நம்ம பஸ் மாதிரிதான்பா. திரும்பறப்போ மொத்த ரோட்டையும் எடுத்துக்கணும்."

அப்படிச் சொன்னவனா நடுவிலிருந்து திரும்பினான்?

இன்னொன்றும் இருந்தது. அது யாருக்கும் தெரியாது. போன பங்குனியில் லீவில் வந்திருந்தபோது, இரண்டு பேரும் கிரிவலம் நடந்தார்கள். அடிஅண்ணாமலை தாண்டி டீ குடிக்க நின்ற இடத்தில், அவர் கையைப் பிடித்துச் சொன்னான். "பயமா கீதுப்பா. இனிமே அந்த ஆத்துல நான் ஓட்டமாட்டேன். வேற வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன். அதுவரிக்கும் ஆபீசுல உக்கார வையுங்கன்னு கேட்டுட்டேன்."

மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு சொன்ன சொல். அதைக் காற்றில் விட்டுவிட்டான். பெற்றவனை ஏமாற்றினது போதாதென்று, கல்யாணம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

பெட்டி திறந்தது. கொல்லைப்புறத்தில் தட்டி கட்டி மறைத்து, பெஞ்சின்மேல் கிடத்தினார்கள். சட்டையைக் கத்தரித்து எடுத்ததும் ராமனின் கை நின்றது.

வலது தோளிலிருந்து நெஞ்சின் குறுக்கே இடது இடுப்பு வரைக்கும், மூன்று விரல் அகலத்தில் கறுத்த தடம். பெல்ட்டின் தடம்.

அது என்னவென்று டிரைவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கதவுப் பக்கத்திலிருந்து வருவது பெல்ட். ஸ்டியரிங் பிடித்தவனுக்கு வலது தோள், பக்கத்து சீட்டுக்காரனுக்கு இடது தோள். தினமும் காலையில் 'க்ளிக்' என்று மாட்டுகிறாரே, அதே தோள்.

அதுவரைக்கும் எங்கேயோ ஒரு மூலையில் மாறன் சொன்னதை நம்பாமல் ஒரு மனம் உட்கார்ந்திருந்தது. அதுவும் எழுந்து போய்விட்டது.

"நீதானாடா," என்றார் மெல்ல. முகத்தில் தண்ணீர் ஊற்றவில்லை. தோளில் மட்டும் ஊற்றினார்.

பாடை தயாரானது. அவர்கள் வகையறாவில் பாடை தூக்குகிற நாலு பேரும் வெற்றுடம்போடுதான் தூக்கவேண்டும்.

"முன்னால மாறன் புடிக்கட்டும்," என்றார் ராமன். "இனிமே இந்த வூட்டுக்கு மீதி இருக்கற புள்ள அவன்தான்."

மாறன் காலரைப் பிடித்துக்கொண்டான். "சட்டையோடவே தூக்கறேனேப்பா..."

"இன்னா தம்பி, பொண்ணு பாக்கவா வந்திருக்காங்க? கழட்டு," என்றார் சடையன்.

கழற்றினான். இடது தோளில் தொடங்கிக் குறுக்கே இறங்கியது ஒரு கோடு. கறுப்பு போய்ப் பச்சையும் மஞ்சளுமாகப் பழுத்திருந்தது. கழுத்தெலும்பின்மேல் காய்ந்த பொருக்கு.

கன்னியம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். "ஐயோ... உனக்கும் இம்மாங் காயமா? வாயத் தொறந்து சொல்லலியே சாமி!"

இடது தோள். பக்கத்து சீட்டு. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ராமன் தன் துண்டை மடித்து மாறனின் மற்றத் தோளில் வைத்தார். "புண்ணு மேல வெக்காத. இந்தத் தோள்ல வாங்கிக்கோ."

மாறன் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

தெருமுனை வரை தோளில். பிறகு அமரர் ஊர்தியில். எமலிங்கத்துப் பக்கத்து மயானத்தில் எல்லாம் முடிய மூன்று மணி ஆயிற்று. குளித்து, ஈர வேட்டியோடு வந்த ராமன், வேணு கொண்டுவந்து நிறுத்தியிருந்த தன் காரின் சாவியைக் கேட்டார்.

"கொள்ளி வெச்ச கையாலயா?" என்றார் சடையன்.

"எனக்கு வேற இன்னா தெரியும்?"

வேணு பின்னால் ஏறினான். மாறன் முன்னால். சட்டை வேங்கிக்கால் வீட்டிலேயே கிடந்தது. ஈரத் துண்டு மட்டும் மடியில்.

"பெல்ட்டு போட்டுக்கப்பா. பைபாஸ்ல புடிக்கறாங்க."

மாறன் போட்டுக்கொண்டான். புண்ணில் உரசாமல் இருக்கக் கட்டைவிரலால் அதைத் தூக்கிப் பிடித்தபடியே வந்தான்.

தெருமுனையில் ஷாமியானா வண்டி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. ராமன் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். எதிரே, மின்கம்பத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர். காலையில் மகள் இனியா பேனர் கடைக்கு அனுப்பின படம். போகும்போது ஊர்வலத்துக்கு முன்னால் கொள்ளிச்சட்டி ஏந்திக் குனிந்து நடந்தவர் கண்ணில் அது படவில்லை. இப்போது ஆளுயரத்துக்கு வளவன் சிரித்தான்.

"போட்டோ நல்லா வந்திருக்கு இல்ல மாமா?" என்றான் வேணு. "கேப்டன் ஆன மொத நாளு, ஓட்டற சீட்ல உக்காந்து எடுத்தது."

ராமன் பார்த்தார். மகனின் கையில் அவர் வாங்கிக்கொடுத்த வாட்ச். இடது கை. அதே பக்கத்துத் தோளிலிருந்து இறங்கியது பெல்ட். அதே பக்கம் ஜன்னல்.

"ஓட்டற சீட்டுன்ற. பெல்ட்டு ஏன் அந்தப் பக்கம் இருக்குது?"

"பிளேன்ல நம்ம காருக்கு நேர் எதிர் மாமா. ஓட்டறவரு இடது பக்கம்தான். கூட உக்கார்றவருதான் வலது. இல்ல மாறன்?"

மாறன் மடியிலிருந்த ஈரத் துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

ராமன் திரும்பினார். அவன் கட்டைவிரல் பெல்ட்டை விட்டிருந்தது. அது இடது தோளில், பழுத்த கோட்டின்மேல், ஒரு நூல் பிசகாமல் உட்கார்ந்திருந்தது.

'இனிமே அந்த ஆத்துல நான் ஓட்டமாட்டேன்பா.'

ஓட்டவில்லை.

தண்ணீர் ஊற்றாமல் விட்ட முகம் இப்போது எரிந்துகொண்டிருக்கும்.

மாறனின் கை மெதுவாகப் பெல்ட்டின் பொத்தானைத் தேடியது. "அப்பா... நான் இங்கியே எறங்கிக்கறேன்."

"இருப்பா," என்றார் ராமன். குரல் ஏறவில்லை. "வூடு இன்னும் வரல."

ஷாமியானா வண்டி விலகியது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அவர் அவசரப்படவில்லை. காரை நேராக எதிர் ஓரத்துக்கு, சாக்கடைக் கல்லை டயர் தொடுமளவுக்கு ஒட்டிக் கொண்டுபோனார். அங்கிருந்து ஸ்டியரிங்கை ஒடித்து, தெருவின் அகலம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, மெதுவாக, எந்தச் சுவரிலும் படாமல் திருப்பினார்.