நார்பர்ட் சாப்பிட்ட கோழி

மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை எங்கள் டயாலிசிஸ் மையத்துக்கு ரத்தப் பரிசோதனை முடிவுகள் வரும். அன்றைக்குப் பெரியவர்கள் எல்லாரும் பரீட்சைத் தாள் வாங்கும் பிள்ளைகள் ஆகிவிடுவார்கள். நான் அங்கே ஊசி குத்தி இயந்திரத்தை ஓட்டும் ஊழியன். பதினோரு வருடமாக இந்தக் கூத்தைப் பார்த்துவருகிறேன்.

ஜன்னலோர இருக்கை நார்பர்ட் வோய்சிக்குடையது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் எங்கள் ஊர்ச் சீஸ் ஆலையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். பக்கத்து இருக்கை லவானுடையது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பெண்மணி. இத்தனை இயந்திரங்களின் இரைச்சலையும் தாண்டிக் கேட்கும் குரல்.

மார்ச் மாதம் உணவு ஆலோசகர் கிர்ஸ்டன் காகிதத்தோடு வந்து நின்றார்.

“நார்பர்ட், பாஸ்பரஸ் ஏழு புள்ளி ஒன்பது. அஞ்சரைக்குள்ள இருக்கணும். உங்க அரிப்புக்கெல்லாம் இதுதான் காரணம். இப்படியே போனா எலும்பையும் கெடுத்துடும்.” கொஞ்சம் தயங்கினார். “சீஸ்ல இது நிறைய. நீங்க ஏதாவது...?”

“ஜனவரியிலேர்ந்து ஒரு துண்டுகூடத் தொடலை.”

“தலகாணிக்குள்ள தேடிப் பாருங்க கிர்ஸ்டன்,” என்றார் லவான்.

எல்லாரும் சிரித்தோம். நார்பர்ட் மட்டும் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார். கிர்ஸ்டன் போனதும் போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“வாராவாரம் ஊர்ல நடக்கற வெள்ளிக்கிழமை மீன் விருந்துல அத்தனை பேரும் சீஸ் பொரிச்சுத் திங்கிறான். நான் வெறும் முட்டைக்கோஸைத் தின்னுட்டு வர்றேன். யாராவது நம்பறீங்களா?”

லவானின் முகம் மாறிவிட்டது. “சரிய்யா, நான் நம்பறேன். அப்ப என்னதான் திங்கிறே?”

“மத்தியானம் கோழி, ராத்திரி கோழி. கிர்ஸ்டன் சொன்னதுதான். உறைய வச்சது, பெரிய பையில மலிவா கிடைக்குது.”

“அந்தப் பையைக் கொண்டா.”

“கோழியோடயா?”

“பை போதும். உன் சமையல் எனக்கு வேண்டாம்.”

வெள்ளிக்கிழமை நார்பர்ட் பையைக் கழுவி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். லவானின் ஒரு கையில் ஊசிகள் இருந்ததால் நான்தான் பையை விரித்துப் பிடித்தேன். மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பொடி எழுத்தைப் படித்தார்.

“கோழிக்கறி, தண்ணி, உப்பு, சோடியம் பாஸ்பேட்... யோவ், நமக்குத்தான் ஊசின்னு பாத்தா கோழிக்கும் போட்டிருக்காங்கய்யா!”

அவர் ஊசி குத்திய கையை ஆட்டிய வேகத்தில் இயந்திரம் அலறியது. நான் ஓடிப்போய் அடக்கினேன். சத்தம் கேட்டு வந்த கிர்ஸ்டன் பையை இரண்டு முறை படித்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது.

“கறி காயாம இருக்க இந்தப் பாஸ்பேட்டை ஏத்துவாங்க. அதுவும் பாஸ்பரஸ்தான். சீஸ்ல இயல்பா இருக்கறதைவிட இது சட்டுனு ரத்தத்துல ஏறும். கோழி சாப்பிடுங்கன்னேன், எந்தக் கோழின்னு கேக்கலை. உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேன். மன்னிச்சுடுங்க.”

“உங்ககிட்டேர்ந்து ஒரு மன்னிப்பு போதும். லவான் ரெண்டு கேக்கணும். தலகாணியை வேற இழுத்தா.”

லவான் இரண்டு முறையும் கேட்டார், உரக்கவே.

கிர்ஸ்டனுக்கு இன்னொரு சந்தேகம் வந்துவிட்டது. “பாஸ்பரஸ் மாத்திரையைச் சாப்பாட்டோடதானே போடறீங்க?”

“படுக்கும்போது. எல்லா மாத்திரையும் ஒண்ணா.”

“ஐயோ! அது சாப்பாட்டுல இருக்கற பாஸ்பரஸைப் பிடிக்கற மாத்திரை. காலி வயித்துல யாரைப் போய்ப் பிடிக்கும்?”

நார்பர்ட் அன்றே கோழியை மாற்றினார், மாத்திரை நேரத்தையும் மாற்றினார். கடையில் கறி வெட்டுபவரிடம் நின்று, எதுவும் ஏற்றாத பச்சைக் கோழியைக் கேட்டு வாங்கினார். ஏப்ரலில் ஆறு புள்ளி நான்கு. மே மாதம் கிர்ஸ்டன் வாசலிலிருந்தே “அஞ்சு புள்ளி ஒண்ணு!” என்று கத்திக்கொண்டு வந்தார். ஒரு கையில் ஊசி இருக்க யாராலும் கைதட்ட முடியவில்லை. வரிசை முழுக்க மறுகையால் தொடையில் தட்டினார்கள். நார்பர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன்.

ஜூனில் அவருடைய அண்ணன் மகள் கல்யாணத்துக்கு லவானையும் அழைத்துப் போனார். இரண்டு பேரும் மூன்று போல்கா நடனம் ஆடினார்களாம். திங்கட்கிழமை நார்பர்ட் நொண்டிக்கொண்டு வந்தார்.

“அரிப்பு எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“அதை மறந்தே போயிட்டேன். முட்டிதான் வலிக்குது. இதுக்கு எதைத் திங்கக்கூடாது?”

“மூணாவது ஆட்டத்தை விட்டிருக்கணும்,” என்றார் லவான்.