ஜாஸ்மின் டாக்டருக்கு ஒரு ஜீப்

சித்தேரி மலைக் கிராமங்களுக்குக் கால்நடை மருத்துவராக வந்த இரண்டு வருடத்தில் ஜாஸ்மினின் ஸ்கூட்டர் பதினோரு முறை விழுந்தது. பதினோராவது முறை தடுப்பூசிப் பெட்டி திறந்துகொண்டு, ஐஸ் கட்டிகள் ஒவ்வொன்றாகச் சரிவில் உருண்டு போவதை அவள் சாலையோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மலையடிவாரத்து வாடகை வீட்டுக்குத் திரும்பியதும், முழங்காலுக்கு மருந்து தடவிக்கொண்டே கணவனிடம் சொன்னாள்: நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப் ஒன்று வாங்கிவிட வேண்டும்.

கணவன் கலைவாணன் அரூரில் பிளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிறவன். உடனே சம்மதித்தான். சம்மதித்த கையோடு, "டீசல்தான் எடுக்கணும்" என்றான்.

"அது எதுக்குங்க?"

அவன் ஒரு தாளை எடுத்து இரண்டு கோடு வரைந்தான். "இது டீசல். இன்ஜின் மெதுவா சுத்தறப்பவே இழுவை முழுசா வந்துடும். இது பெட்ரோல். வேகமா சுத்தவிட்டாத்தான் இழுக்கும். சேத்துல வேகமா சுத்தினா என்னாவும்? சக்கரம் குழி தோண்டும்."

"மாட்டுக்கிட்டப் போறவ நான். தடதடன்னு போயி நின்னா கயித்த அறுத்துக்கிட்டு ஓடும். அப்புறம் உங்க கோடா போயிப் புடிச்சிக்கிட்டு வரும்?"

இந்தப் பேச்சு மூன்று வாரம் ஓடியது. கலைவாணன் தன் கோடுகளைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினான். ஜாஸ்மின் அதன் கீழே, 'பெட்ரோல் இன்ஜின் எடை குறைவு, மூக்கு சேற்றில் இறங்காது' என்று எழுதினாள். அவன் அதற்கும் கீழே மைலேஜ் பற்றி எழுதினான். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் இருவரும் ஒருவர் எழுதியதை ஒருவர் படித்தார்கள். இதில் ஒரு விஷயத்தை மட்டும் யாரும் எழுதவில்லை. கலைவாணனுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

கம்பைநல்லூரில் பழைய வண்டி விற்கும் பச்சியப்பனிடம் ஒரே மாதிரி இரண்டு ஜீப் நின்றன. இரண்டும் நாலு வருடம் ஓடியவை. பச்சை நிறம் பெட்ரோல், சிவப்பு டீசல். பச்சியப்பன் ஜாஸ்மினைப் பார்த்துப் பேசும்போது பெட்ரோலைப் புகழ்ந்தார். கலைவாணன் பக்கம் திரும்பும்போது டீசலைப் புகழ்ந்தார். இருவரும் சேர்ந்து நிற்கும்போது டயர்களைப் புகழ்ந்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பச்சை ஜீப்பைத் தீர்த்தமலை அடிவாரம் வரை ஓட்டிப் பார்த்தார்கள். சத்தமே இல்லாமல் போய் வந்தது. தார் ரோட்டில் எல்லா வண்டியும் அப்படித்தான் போகும் என்று கலைவாணன் சொல்லிவிட்டான். அடுத்த ஞாயிறு சிவப்பு ஜீப். ஜாஸ்மின் ஓட்டினாள். கலைவாணன் பக்கத்தில் உட்கார்ந்தான். பச்சியப்பன் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். அரூர் தாண்டும்போது ஜாஸ்மினின் போன் அடித்தது. சித்தேரிக்கு மேலே சாமை விதைக்கிற விவசாயி காளி பேசினார்.

"டாக்டரம்மா, வெடியகாலத்துல இருந்து பசு முக்கிக்கிட்டுக் கெடக்குதுங்க. ஒரு காலு மட்டுந்தான் வெளிய தெரியுது."

"எழுப்பி நிக்க வைங்க. இதோ வந்துட்டே இருக்கேன்."

"எந்திரிக்க மாட்டேங்குதுங்க."

அவசரப் பெட்டி எப்போதும் அவள் கூடவே இருக்கும். வண்டியை மலைப் பக்கம் திருப்பினாள். பஸ் போகும் சாலை முடிந்து காளியின் ஊருக்குப் பிரிகிற மண்பாதையில் ஐப்பசி மழை முழங்கால் சேறு விட்டிருந்தது. ஜாஸ்மின் நான்கு சக்கரத்துக்கான கியரைப் போட்டாள். வண்டி அவசரப்படாமல், சோற்றைப் பிசைவது போலச் சேற்றைப் பிசைந்துகொண்டு ஏறியது. மேட்டில் ஏறி நின்றதும் கலைவாணன் திரும்பி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையே போதுமாக இருந்தது.

கொட்டகையில் பசு பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. காளியும் அவர் மனைவி சென்னம்மாளும் அக்கம்பக்கத்தார் இருவரும் வாலைத் திருகியும் தோளை முட்டியும் பார்த்துச் சலித்திருந்தார்கள். ஜாஸ்மின் கையுறை போட்டுச் சோதித்தாள். கன்றின் ஒரு முன்னங்கால் உள்ளே மடங்கியிருந்தது. கன்றைக் கொஞ்சம் பின்னால் தள்ளித்தான் காலை நீட்ட முடியும். பசு படுத்திருக்கும்வரை அதற்கு இடமில்லை.

"நின்னா பத்து நிமிஷ வேலைங்க. இப்படிக் கெடந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். நெற்றி வியர்த்திருந்தது. தாயும் கன்றும் இரண்டுமே கையை விட்டுப் போய்விடுமோ என்று அவளுக்கு உள்ளுக்குள் பயம்.

இதற்குள் பச்சியப்பன், வண்டி பாதையை அடைத்துக்கொண்டு நிற்கிறதே என்று எடுத்து ஓரம் கட்டப் போனார். சாவியைத் திருகி, ரிவர்ஸில் வந்து, கொட்டகைச் சுவரை ஒட்டி ஆக்சிலேட்டரை ஓங்கி ஒரு மிதி மிதித்தார். மேலே தகரம் அதிர்ந்தது. கோழிகள் கூரையேறின. பசு ஒரே உதறலில் எழுந்து நின்றுவிட்டது.

"புடிங்க. படுக்க விடாதீங்க" என்றாள் ஜாஸ்மின்.

காளி கயிற்றைப் பிடித்தார். கலைவாணன் எங்கே பிடிப்பதென்று தெரியாமல் திமிலைக் கட்டிக்கொண்டான். ஜாஸ்மின் கன்றை உள்ளே தள்ளி, மடங்கிய காலை விரலால் தேடி, குளம்பை உள்ளங்கையில் பொத்தி மெல்ல நீட்டினாள். கால்மணி நேரத்தில் ஒரு கிடாரிக் கன்று வைக்கோல் மேல் வழுக்கி விழுந்தது. மூக்கைத் துடைத்து வைக்கோல் துரும்பால் குத்தியதும் தும்மியது. சென்னம்மாள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"பாத்தீங்களா மேடம், நம்ம வண்டி பிரசவமே பாத்துடுச்சு" என்றார் பச்சியப்பன்.

கை கழுவும்போது, "சரிங்க, டீசலே எடுத்துக்கலாம்" என்றாள் ஜாஸ்மின். கலைவாணன் ஜெயித்த மனுஷன் போல இல்லாமல் இருக்க ரொம்பப் பாடுபட்டான்.

வாங்குவதற்கு முன் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுவது என்று ஏற்பாடு. அரூரில் முருகேஷ் சிவப்பு ஜீப்பின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"வண்டி சுத்தமா இருக்குது. தெனமும் எவ்ளோ தூரம் ஓட்டுவீங்க?"

மூன்று வாரத்தில் யாரும் கேட்காத கேள்வி அது.

"பத்து, பதினஞ்சு கிலோமீட்டருங்க. வூட்டுக்கு வூடு நின்னு நின்னு போவணும்" என்றாள் ஜாஸ்மின்.

"அப்படின்னா ஒண்ணு சொல்லிடறேன். இப்ப வர்ற டீசல்ல புகை வடிகட்டின்னு ஒண்ணு இருக்குது. நின்னு நின்னு ஓட்டினா கரி அடைச்சிக்கும். வாரம் ஒரு தபா நல்ல ரோட்டுல விரட்டி ஓட்டணும். அந்தச் சூட்டுல கரி எரிஞ்சிடும். ஞாயித்துக்கிழமை ஆனா சேலம் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்துடுங்க, ஒரு தொந்தரவும் வராது."

"அதுக்கென்னாங்க, போயிட்டா போச்சு" என்றாள் ஜாஸ்மின். "சேலத்துல இவரோட அக்கா வூடு இருக்குது. வாராவாரம் பாத்துட்டு வரலாம்."

கலைவாணன் முகம் மாறியது. அக்கா செல்லம்மாளின் மகள்கள் இருவரும் நீட் தேர்வுக்குப் படிக்கிறார்கள். அவன் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் வெள்ளைப் பலகையைக் கொண்டுவந்து வைப்பாள் அக்கா. காலை பத்து மணிக்கு ஆரம்பிக்கும் வகுப்பு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவன் மூன்று முறை சொன்ன பிறகுதான் முடியும். சொந்த வண்டியில் போனால் அதையும் சொல்ல முடியாது.

அவன் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"ஜாஸ்மின், நான் யோசிச்சிப் பாத்தேன். பெட்ரோலுக்கும் சில நியாயம் இருக்குது."

"என்ன நியாயங்க?"

"எடை குறைவு. மூக்கு சேத்துல இறங்காது."

ஜாஸ்மின் சிரிப்பை அடக்க முருகேஷின் பட்டறைக் காலண்டரைப் படித்தாள். முருகேஷ் ஒன்றும் புரியாமல் கையைத் துடைத்துக்கொண்டார்.

பச்சை ஜீப்பை ஒப்படைத்த அன்று பச்சியப்பன், இதுக்கு நாலு சக்கரமும் வேலை செய்யுதே என்று நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். ஜாஸ்மின் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டு, நாலையும் நசுக்கிக்கொண்டு கிளம்பினாள். நேரே கன்றைப் பார்க்கத்தான் போனார்கள். மண்பாதைச் சேற்றில் வண்டி ஒரு இடத்தில் சுற்ற ஆரம்பித்தது. கலைவாணன் தானே இறங்கி, பேன்ட்டை மடித்து விட்டுத் தள்ளினான். வண்டி ஏறியது. அவன் சட்டையில் நெஞ்சு வரை சேறு ஏறியது. சென்னம்மாள் தண்ணீர் ஊற்ற அவன் முகம் கழுவிக்கொண்டான். கன்று அவன் விரலைச் சப்பிப் பார்த்தது.

திரும்பும்போது ஏழாவது கொண்டை ஊசி வளைவில் அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான்.

"இறக்கத்துல நல்லாத்தான் போவுது."

"ஆமாங்க" என்று ஜாஸ்மின் கியரை மாற்றினாள்.