சுவரில் நிற்காத அட்டை

எங்கள் கார்ட்டூன் தொடரின் ஐந்தாவது சீசன் சப்பென்று இருக்கிறதாம். விமர்சனம் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். மனச்சோர்வு பிடித்த ஒரு பெலிக்கன் பறவை டிவியில் வானிலை வாசிக்கும் கதை. அது சிரிக்கவைத்து நாளாயிற்று என்பது எனக்கும் தெரியும்.

ஹாலிவுட்டை ஒட்டிய பர்பாங்கில் எங்கள் எழுத்தாளர் அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது தன் சொந்தக் கஷ்டத்தைச் சொல்லி மற்றவர்கள் சிரித்துவிட்டால், நான் அதை அட்டையில் எழுதிச் சுவரில் குத்துவேன். அதன்பிறகு அது பெலிக்கனின் வசனம். முதல் இரண்டு சீசனின் வசனமெல்லாம், தொடரை உருவாக்கிய காரின் என்பவள் தன்னைப் பற்றிச் சொன்னவைதான்.

திங்கட்கிழமை காலை எங்கள் எழுத்தாளர்களில் ஒருவனான வெண்டல் சொன்னான்: "நேத்து பல்லு வெளக்க மூணு மணி நேரம் ஆச்சுப்பா. பிரஷ்ஷப் பாத்துக்கிட்டே பாத்ரூம் தரையில உக்காந்திருந்தேன். பிரஷ்ஷுக்கே போரடிச்சிருக்கும்."

அறையே சிரித்தது. நான் அட்டையைக் குத்தினேன். காரின் மட்டும் சிரிக்கவில்லை.

"எத்தன நாளா இப்படி?" என்று அவனைக் கேட்டாள்.

"ஒரு மாசம் இருக்கும்."

அவள் எழுந்துபோய் அட்டையை எடுத்து அவன் சட்டைப்பையில் வைத்தாள். "இத டாக்டர்கிட்ட படிச்சுக் காட்டு. இப்பவே கெளம்பு."

அவன் போனதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்த சீசன்லயே உருப்படியா வந்த ஒரே வரி, காரின். அதையும் தூக்கிட்ட."

"தெரியும்" என்றாள். "என் அட்டையெல்லாம் நீதான குத்துன. ஒண்ணையாவது எடுத்து என் பையில போட்டியா?"