ஆறிப்போன கஹ்வா

கம்பளத்தின் மேல் அந்தக் கோப்பை இருக்கிறது, பிடியில்லாத சின்னக் கோப்பை, அடியில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் கஹ்வா, அரபிகளின் காப்பி, ஏலக்காய் மணம் அடங்கி ஆறிக்கொண்டிருக்கிறது, அதைத் தொடமாட்டேன் என்று கொம்பையா அண்ணாச்சி இரண்டு கைகளையும் மடிக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், எதிரே மகனைப் பறிகொடுத்த அரபுப் பெரியவர், நடுவே மொழிபெயர்ப்பாளனாக நான், இது கனவா என்றால் பாதி கனவு, காயல்பட்டினத்து வீட்டில் மதிய லுஹர் தொழுதுவிட்டுக் கண்ணயரும்போதெல்லாம் வருவது, மீதிப் பாதி நடந்தது, சவூதியில், ஹாயில் நகரத்தைத் தாண்டி ஒரு மணல்காட்டு ஊரில், ஒரு கம்பெனியில் நான் இங்கிலீஷை அரபியாக்கிப் பிழைத்துக்கொண்டிருந்த காலத்தில்.

அன்று காலை மேலாளர் என்னைக் கூப்பிட்டு, போய் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள், ஜஸ்ட் எ ஃபார்மாலிட்டி என்றார், போகிற வழியெல்லாம் அந்த வார்த்தை என் வாயில் புளியங்கொட்டை மாதிரி உருண்டது, அரபியில் அதற்கு என்ன சொல்வது, ரஸ்மிய்யா என்றால் அரசாங்க முத்திரை வாடை அடிக்கிறது, ஷக்லிய்யா என்றால் உள்ளே ஒன்றுமில்லாத வெறும் தோற்றம், தகல்லுஃப் என்று ஒன்று உண்டு, மரியாதைக்காக ஒருவன் தன்மேல் தானே சுமை ஏற்றிக்கொள்வது, தமிழில் ஒப்புக்கு என்று சொல்லிவிடலாம், ஒப்புக்குச் சப்பாணி, அன்றைக்கு நான்தான் அந்தச் சப்பாணி, மத்ரஸாவில் கிதாபு பார்த்து அரபி படித்தவன், என் பேச்சு ஜும்ஆ பிரசங்கம் மாதிரி இருப்பதாக அரபிகளே சிரிப்பார்கள், சரியான வார்த்தை கிடைத்துவிட்டால் காரியம் தன்னால் நடக்கும் என்று நம்புகிற வர்க்கம்.

என்ன பாய், தனியா முனங்குதீய, என்று வண்டியில் பக்கத்தில் இருந்த அண்ணாச்சி கேட்டார், திருநெல்வேலிப் பக்கத்து ஆள், எங்கள் பட்டறையில் வெல்டர், அவர் தம்பி ஆவுடையப்பன் தண்ணீர் லாரி ஓட்டியவன், புழுதிக்காற்றில் ஒரு வளைவில் எதிரே வந்த கார் அவன் லாரியில் மோதியது, காரை ஓட்டி வந்த இளைஞன் அங்கேயே போய்விட்டான், நாயிஃப் என்று பெயர், பழி லாரிக்காரன் மேல் விழுந்தது, கோர்ட்டில் ஆகவேண்டியதெல்லாம் ஆகியும் ஆவுடையப்பன் சிறையில்தான் கிடந்தான், செத்தவனின் தகப்பனார் வாய் திறந்து மன்னித்தேன் என்று சொல்லவேண்டும், அதற்குத்தான் போகிறோம், ஒருவன் ஊருக்குத் திரும்புவதும் திரும்பாததும் ஒரு கிழவரின் நாக்கில் இருந்தது, அதற்கு மேலாளர் வைத்த பெயர் ஃபார்மாலிட்டி.

அந்த ஊரில் ஒருவரை மரியாதையாகக் கூப்பிடுவதென்றால் மூத்த மகன் பெயரைச் சேர்த்து இன்னாரின் தகப்பனார் என்றுதான் கூப்பிடவேண்டும், அபூ நாயிஃப் என்று நான் எந்த வாயால் சொல்வது, கண்ணியமிக்க ஷேக் அவர்களே என்று ஆரம்பித்தேன், அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார், அபூ நாயிஃப் என்றே கூப்பிடு, மகன்தான் போனான், என் பெயர் போகவில்லை என்றார், அவரே எழுந்து தல்லா என்கிற மூக்குவைத்த கூஜாவிலிருந்து எங்களுக்கு கஹ்வா ஊற்றினார், நான் குடித்தேன், அண்ணாச்சி வாங்கினார், நெற்றிக்கு நேராக ஒரு கணம் பிடித்தார், அப்படியே தரையில் வைத்துவிட்டார்.

குடிச்சிருங்க அண்ணாச்சி, தந்ததைத் தள்ளினா அவமானம்னு எடுத்துக்குவாங்க, என்று நான் காதருகில் சொல்கிறேன், எப்படிக் குடிப்பேன் பாய், எளவு விழுந்த வீடு, என் தம்பி வண்டியில போன உசுரு, ஒரு நாயம் முடியாம இந்த வீட்டுல நான் கை நனைக்கலாமா, எங்காத்தா என்னை அப்படியா வளத்தா, என்று அவரும் கிசுகிசுக்கிறார், நான் தயாரித்துவைத்த மன்னிப்பு உரை அத்தனையும் மறந்துபோகிறது, கஹ்வா ஆறுகிறது, பெரியவர் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருக்கிறார், கெட்டது குடி என்று நினைக்கிறேன், அப்போது அவர் மெல்லக் கேட்டார், உன் தேவை என்ன, சொல்.

அவர்கள் கூட்டத்தில் ஒரு முறை உண்டாம், கோரிக்கையோடு வந்தவன் கஹ்வாவைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டால் வீட்டுக்காரர் என்னவென்று கேட்டே ஆகவேண்டுமாம், குடிக்காமலே அவன் எழுந்துபோனால் அந்த வீட்டுக்கே இழுக்காம், நான் ஓதிய எந்தக் கிதாபிலும் இது இல்லை, பெரியவரே சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், அண்ணாச்சி, தானா வந்த வழி, கோரிக்கையாத்தான் கீழ வச்சீங்கன்னே சொல்லிடட்டுமா என்றேன், அவர் தலையை ஆட்டினார், வேண்டாம் பாய், புள்ளையப் பறிகொடுத்தவருகிட்ட பொய் கூடாது, உள்ளதச் சொல்லுங்க. சொன்னேன், இவருக்கு உங்கள் முறை தெரியாது, துக்கமும் வழக்கும் தீராத வீட்டில் எதுவும் வாயில் வைப்பதில்லை என்பது எங்கள் ஊர் முறை, அதனால்தான் வைத்தார். பெரியவர் கொஞ்சம் யோசித்தார், இரண்டும் ஒன்றுதானே என்றார். பிறகு, அவனைக் குடிக்கச் சொல், அவன் தம்பியை அல்லாஹ்வுக்காக விட்டுவிட்டேன் என்றார், நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்குமுன் அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது, ஆறிப்போன கஹ்வாவை அழுதுகொண்டே குடித்தார்.

எழுந்திருப்போம் என்று பார்த்தால் பெரியவர் தனக்கு ஒரு கோப்பை ஊற்றினார், குடிக்கவில்லை, அண்ணாச்சியின் முன்னால் கம்பளத்தில் வைத்தார், விருந்தாளி செய்வதை வீட்டுக்காரர் செய்வதா, அவர் அண்ணாச்சியைப் பார்த்தார், கோர்ட்டில் வேகத்தைக் கேட்டார்கள், பிரேக்கைக் கேட்டார்கள், என் மகன் போகும்போது தொண்டை நனைந்து போனானா என்று யாரும் கேட்கவில்லை, உன் தம்பி வெளியே வந்ததும் இங்கே வந்து அவன் வாயால் எனக்குச் சொல்லவேண்டும், என்றார். கூட்டியாறேன் ஐயா, சத்தியமா கூட்டியாறேன், என்று தமிழிலேயே சொல்லி அண்ணாச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் சிறையிலிருந்து ஆவுடையப்பனை நேராக விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள், அண்ணாச்சியே அவனைக் கண்ணால் பார்க்கவில்லை, அதுதான் ஃபார்மாலிட்டி என்றார்கள், அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை, வாக்குக் குடுத்துட்டேனே பாய், வாக்குக் குடுத்துட்டேனே என்று புலம்பியவரைக் கூட்டிக்கொண்டு மறுபடி அந்த மணல் வழியில் போனேன், பெரியவர் வாசலையே பார்த்திருந்தார், எங்களை இருவராக மட்டும் கண்டார், எங்களுக்கு ஊற்றிவிட்டுத் தன் கோப்பையைக் கீழே வைத்தார், அண்ணாச்சி போனை எடுத்து ஊருக்குப் போட்டு, சத்தத்தைக் கூட்டி, அந்தக் கோப்பையின் பக்கத்திலேயே வைத்தார்.

ஆவுடையப்பன் குரல் வருகிறது, இப்போதும் வருகிறது, என் கண் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா தெரியவில்லை, குடிச்சாருய்யா, லாரி பைப்பத் தொறந்து என் ரெண்டு கையிலயும் புடிச்சு ஊத்துனேன், ரெண்டு மடக்குக் குடிச்சாரு, பெறவு என் வெரலப் புடிச்சுக்கிட்டாரு, கடைசி வரைக்கும் விடல. மொழிபெயர்க்க வாய் திறக்கிறேன், கிதாபு அரபி ஒன்றும் வரவில்லை, சின்னப் பிள்ளை பேசுவதுபோல், குடித்தான், இவன் கையிலிருந்து, விரலைப் பிடித்திருந்தான், அவ்வளவுதான் வருகிறது. பெரியவர் கண்களை மூடிக்கொள்கிறார், போனில் ஊர்க் காக்கை ஒன்று கத்துகிறது, அவர் குனிந்து கோப்பையை எடுக்கிறார், இரண்டு மடக்கில் குடிக்கிறார், போதும் என்பதற்கு அவர்கள் செய்கிறபடி காலிக் கோப்பையை லேசாக ஆட்டி என் கையில் தருகிறார்.