நீர்ப்பல்லி நக்கிய நாக்கு

சூளை வாயிலிருந்து சுண்ணாம்புக் கட்டிகளை வாரிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள் டெலியா. கிளேர் மலைக்காற்று தூளை முகத்தில் அப்பியது. அலறல் கேட்டு நிமிர்ந்தாள். மேஸ்திரி லினான், மைக்கோவை இழுத்துக்கொண்டு வந்தான். ஏறி நின்ற பலகை முறிந்து மைக்கோ சுண்ணாம்புக் குவியலில் விழுந்திருந்தான். தோளிலிருந்து முழங்கை வரை தோல் வெந்து கிடந்தது.

"டெலியா, உன் வைத்தியத்தப் பண்ணு. சீக்கிரம், வேலை கெடுது."

சின்ன வயதில் ஓடைக்கரையில் நீர்ப்பல்லியின் வயிற்றை நக்கியவள் டெலியா. அப்படிப்பட்ட நாக்கு தீப்புண்ணை நக்கினால் ஆறிவிடும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. கேட்டு வந்தவரை மறுக்கக் கூடாது. கூலி வாங்கக் கூடாது. நன்றி சொன்னால்கூட வைத்தியம் பலிக்காது. இந்தச் சட்டம் சூளைத் துரைக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. டாக்டரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்.

"இது அடுப்புல சுட்டது இல்ல மேஸ்திரி. டாக்டர்கிட்ட கொண்டு போங்க. குதிரை வண்டிதான் சும்மா நிக்குதே!"

"அது துரையம்மா விருந்துக்குப் போற வண்டி. இவன் ஏறினா மெத்தை என்னத்துக்கு ஆகும்?"

"மெத்தைக்கு இருக்குற மரியாதை மனுஷனுக்கு இல்லையாக்கும்!"

"டெலியாக்கா..." மைக்கோவின் பல் தந்தியடித்தது. "எங்கப்பன் கைய நீதானே ஆத்துன? மாதா பேரால கேக்குறேன், மாட்டேன்னு சொல்லிறாத."

அதற்குமேல் அவளால் மறுக்க முடியவில்லை. மண்டியிட்டாள். புண்ணைச் சாக்கால் துடைத்ததோடு சரி, கழுவவில்லை. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் பொங்கும் என்று சூளையில் எல்லாருக்கும் தெரியும். நாக்கும் ஈரம்தான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்.

இரண்டு தடவை நக்கினாள். வாய்க்குள் நெருப்பு மூண்டது. மைக்கோ தொண்டை கிழியக் கத்தினான். டெலியா ஓடிப்போய்த் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் முகத்தை முக்கினாள். கொப்பளித்தது வெள்ளையும் சிவப்புமாக விழுந்தது; நிறையத் தண்ணீர் பட்டதும் எரிச்சல் அடங்கியது. அப்புறம் வாளியை எடுத்தாள்.

"ஏய், ஊத்தாத! பொங்கும்!" என்று பதறினான் லினான்.

அவள் ஊற்றினாள். வாளி வாளியாக மொண்டு, தூள் கரைந்து ஓடும்வரை மைக்கோவின் கைமேல் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அவன் முனகிச் சுருண்டான்.

லினான் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "நன்றி சொல்லக் கூடாதாமே. இல்லேன்னா துரையே வந்து சொல்லியிருப்பாரு. போ, சாக்கு காத்துக்கிட்டிருக்கு."

அவனைத் திட்ட எத்தனையோ சொல் வைத்திருந்தாள். வீங்கிய நாக்கு ஒன்றையும் வெளியே விடவில்லை.

துரையம்மாவின் வண்டி அவர்களை ஒட்டிப் போனது. துடைத்து மெருகேற்றிய சக்கரத்தில் டெலியா காறித் துப்பினாள். ரத்தம் ஒட்டிக்கொண்டது. சக்கரம் மழைநீர்க் குட்டைக்குள் இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றிச் சுத்தமாக மேலே வந்தது.