இரண்டு மேசைத் திருடி

என் மகளின் திருடி போன மாதம்வரை ஒழுங்காகத்தான் திருடிக்கொண்டிருந்தாள். பூட்டு திறப்பாள், சுவர் ஏறுவாள், காவலாளியின் இடுப்பிலிருந்து சாவியை உருவுவாள். ஒரு தகப்பன் பெருமைப்பட வேறென்ன வேண்டும்.

ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை, மதியத்துக்கு மேல் என் மூக்குக்கண்ணாடிக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கண் பரிசோதனை அறையில் நாங்கள் விளையாட உட்காருவோம். கதையை நடத்துவது நான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம்; தலை தப்புமா என்பதைப் பகடை சொல்லும். என் பள்ளித்தோழன் பல் டாக்டர், போர்வீரன். வாரமெல்லாம் ஊரான் வாயைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சுகிறவன், இங்கே வந்து கோடாலியால் பிளப்பான். லிஃப்ட் மெக்கானிக், மந்திரவாதி. மந்திரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அடிபட்டு விழுவது அவர் வழக்கம். மகள், திருடி. அந்தச் சனிக்கிழமைகளில் மட்டும் அவள் என்னிடம் இருப்பாள். மற்ற நாளெல்லாம் அவள் அம்மா வீட்டில், அம்மாவின் இரண்டாவது கணவரோடு.

அந்த மனிதரும் இதே விளையாட்டை நடத்துகிறவர் என்பதுதான் என் தலையெழுத்து. உலகத்தில் பொழுதுபோக்குக்கா பஞ்சம்? மீன் வளர்க்கலாம், தபால்தலை ஒட்டலாம். இவர் என் மனைவியாக இருந்தவளைக் கட்டிக்கொண்டதோடு நிற்காமல், சாப்பாட்டு மேசையில் ஒரு டிராகனையும் கட்டி வைத்திருக்கிறார். என் சிநேகிதர்கள் இருவரும் ஒட்டும் இல்லாமல் உறவும் இல்லாமல் அவளுக்கு மாமாவும் சித்தப்பாவும் ஆகிவிட்டார்கள். அவர் மட்டும் இன்னும் 'அங்கிள்'. அதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

ஒரே திருடியை இரண்டு மேசையிலும் அவள் ஆடலாம் என்று ஆரம்பத்தில் நானும் அவரும் சம்மதித்திருந்தோம். விவரம் தெரிந்த எவனும் சம்மதிக்க மாட்டான். ஒரு மேசையில் சம்பாதித்த லெவல், அதாவது ஆட ஆடப் பாத்திரம் ஏறுகிற படி, அந்த மேசையோடு நிற்க வேண்டும் என்பது பாலபாடம். ஆனால் பிள்ளையையே பங்கு போட்டாயிற்று, அவள் பாத்திரமாவது முழுசாக இருக்கட்டும் என்று தோன்றியது.

அன்றைக்கு மெக்கானிக்கின் மந்திரவாதி வழக்கம்போல விழுந்தார். மகள் தன் திருடியின் குட்டிப் பொம்மையை அவர் பொம்மைக்குப் பக்கத்தில் நகர்த்தினாள்.

"நான் காயத்தை ஆத்துறேன்."

"நீ எப்படிம்மா ஆத்துவ? நீ திருடியாச்சே" என்றேன்.

"போன வாரம் அங்க, அங்கிள் மேசைல, ஒரு மடத்துல சேர்ந்துட்டேன்ப்பா. இப்ப மூணு லெவல் திருடி, ரெண்டு லெவல் வைத்தியச்சி. மல்டிகிளாஸ்."

ஒரே ஆள் இரண்டு தொழில் கற்பதற்குத்தான் அந்தப் பெயர். கேட்க லாபம்போல இருக்கும். ஆனால் வைத்தியத்துக்குப் போன லெவல் திருட்டுக்கு வராது. ஆழ உழ வேண்டியதை அகல உழுகிற கதை. இது புரிய நாளாகும். அதுவரை பக்கத்தில் இருப்பவனுக்கு வயிறு எரியும்.

டாக்டருக்கு எரிந்தது. "டேய், பூட்டும் திறப்பா, புண்ணும் ஆத்துவா, முதுகுல கத்தியும் சொருகுவான்னா நான் எதுக்குடா? போய் காபி வாங்கிட்டு வரவா?"

"வாங்கிட்டு வாங்க டாக்டர், எனக்குச் சர்க்கரை கம்மியா" என்றார் மெக்கானிக். "நான் இப்பதான் எழுந்து உக்காந்திருக்கேன். பாப்பா எத்தனை தொழில் வேணா பண்ணட்டும்."

டாக்டர் என் பக்கம் திரும்பினான். "அவ பவரைக் கொஞ்சம் குறைடா. அதுக்குத்தானே கடை வச்சிருக்க."

மகள் பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே சொன்னாள்: "அப்பா, நம்ம அடுத்த சனிக்கிழமை இருக்குல்ல? அன்னைக்குத்தான் அங்க மடத்துக் கதை முடியுது. நாள் முழுக்க ஆடுறாங்க. போனா இன்னொரு லெவல் கிடைக்கும். போகட்டுமா?"

பழம் நழுவிப் பாலில் விழுவது என்பார்களே, அது என் முன்னால் நடந்தது. 'அந்த மேசை லெவல் இங்கே செல்லாது' என்று ஒரே ஒரு வாக்கியம். விதிப்படி சரி, டாக்டரும் கும்பிடுவான். செல்லாத லெவலுக்காக அவள் ஏன் அங்கே போகப் போகிறாள்? என் சனிக்கிழமை என்னிடமே இருக்கும்.

சொல்ல வாயெடுத்தேன். தொண்டையில் வேறு கேள்வி வந்தது.

"வைத்தியம் எதுக்கும்மா? திருட்டுலயே ஏறினா சீக்கிரம் நிழலோட நிழலா மறையலாமே. எவ்வளவு நாளா ஆசைப்பட்ட."

"இங்க மருந்து போட ஆளே இல்லப்பா. சித்தப்பா ஒவ்வொரு தடவையும் செத்துப் பொழைக்கிறாரு. நீங்களும் பாவம் பாத்து, பகடையை மறைச்சு உருட்டி, பொய் சொல்லிக் காப்பாத்துறீங்க."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். "பொய்யா? நான் என் அதிர்ஷ்டம்னு வீட்ல சொல்லி வச்சிருக்கேன்."

"அங்க ஏற்கெனவே ரெண்டு வைத்தியர் இருக்காங்க" என்றாள் அவள். "அங்க எனக்கு இது தேவையே இல்ல. இங்கதான் வேணும்."

கொஞ்ச நேரம் நான் என் தாள்களை அடுக்கினேன். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன. அந்த மனிதரின் கை அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுப்பதாக அவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ அங்கே போய் எங்களுக்குத் தேவையானதைப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். திருடிதானே.

"ஒரு சுற்றுக்கு ஒரு வேலைதான்" என்று தீர்ப்புச் சொன்னேன். "கத்தியை எடுத்தா அந்தச் சுற்றுல வைத்தியம் கிடையாது. டாக்டர், போதுமா?"

"போதும். ஆனா முதுகுல குத்துறது என்கிட்ட கேட்டுட்டுத்தான்."

"அங்க வாங்குற லெவல் இங்க செல்லும்" என்றேன் மகளிடம். "போயிட்டு வா."

"நிஜமாவாப்பா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் போனை எடுத்தாள். இரண்டு கட்டைவிரல்களும் பறந்தன. அந்தப் பக்கம் யாரோ சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. ஷட்டரைப் பாதி இறக்கினேன். வராதவரின் பாத்திரத்தைக் கதை நடத்துகிறவன் ஆட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதனால் திருடி அன்று என் கையில் இருந்தாள். விரல் நீளம்கூட இல்லாத பொம்மை. மகளே பூசிய சாயம் மூக்கில் கொஞ்சம் வழிந்திருந்தது.

மலைக்குகை, வெளியே கொட்டும் மழை. உள்ளே விஷச் சிலந்திகள். டாக்டர் கோடாலியைத் தூக்கிவிட்டான்.

"திருடி என்ன பண்றா?"

"வெளிய குதிரைகளைப் பாத்துக்கிறா."

"உள்ள கதவெல்லாம் பூட்டியிருக்குடா."

"கோடாலி எதுக்கு வச்சிருக்க?"

உடைத்தான். அடுத்ததையும் உடைத்தான். சிலந்தி பாய்ந்தது. மெக்கானிக்கின் மந்திரவாதி ஒரு வார்த்தையோடு சாய்ந்தார்.

"பாப்பாவைக் கூப்பிடுங்கண்ணே, விஷம் ஏறுது."

"அவ குதிரைங்ககிட்ட நிக்கிறா."

"இன்னுமாடா குதிரை?" என்றான் டாக்டர். "ஒரு சுற்று உள்ள வந்துட்டுப் போகட்டும். என்ன ஆகிடும்?"

"அடிபட்டா?"

"பட்டா ஆத்திக்கலாம்."

"அவ இல்லாத நேரத்துல அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னடா பதில் சொல்வேன்?"

டாக்டர் கோடாலிப் பொம்மையைக் கீழே வைத்தான். பிறகு, வழக்கத்தைவிடத் தணிந்த குரலில் கேட்டான்: "வெளிய மழை கொட்டுதுன்னு நீதானே சொன்ன. நனைய மாட்டாளா?"

"அந்தப் பக்கம் ஒரு கொட்டகை இருக்கு."

"இப்ப கட்டினதா?"

"இப்பதான்."

"ஒழுகாதே?"

ஒழுகாது என்றேன். ஆனாலும் சந்தேகமாக இருந்தது. அவர்கள் இருவரும் குகைக்குள் விஷத்தில் கிடக்க, நான் வெளியே நின்று கூரைக்கு இன்னொரு அடுக்கு வேய்ந்துகொண்டிருந்தேன்.